சாமி அண்ணன் எல்லையைக் கடக்கவில்லை

செய்தி வந்தபோது நான் வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வத்தளையிலிருந்து அல்பிரட் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் பழைய கடலடி வேலைக் கம்பனியில், சிலிண்டர் வாயுவின் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்களைத் திருத்துபவராக இருந்தவர். காரியமில்லாமல் அழைக்கிற மனிதரல்ல. "அக்கா, சாமி அண்ணன் போயிட்டார்" என்றார். முருங்கைக்காயை வைத்துவிட்டு கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன். வழி முழுவதும் அழுகை வரவில்லை. அவர் வீடு இருந்த ஒழுங்கைக்குள் திரும்பியதும் வந்தது அழுகையல்ல, கோபம்.

ஒழுங்கை வாசலில் ஒரு பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். அதில் சாமி அண்ணன் மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தார். படத்தின் கீழே கொட்டை எழுத்தில் 'ஆழ்கடலின் எல்லையைக் கடந்த சாதனையாளர்' என்று போட்டிருந்தது. அதை அச்சடித்துக் கட்டியவர் கொச்சிக்கடைச் சகாயம். அன்பினால் செய்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது பொய். உயிரோடு இருந்திருந்தால் சாமி அண்ணன் ஏணி வைத்து ஏறி அந்த வரியைக் கிழித்திருப்பார். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அதே சகாயம்தான் என்னைக் கேட்டார். ஆகவே இதை எழுதுகிறேன். அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் அவர் எல்லை தாண்டிய கதையைக் கேட்டிருப்பீர்கள். சிலர் சொல்லியும் இருப்பீர்கள். நடந்தது இதுதான்.

பெரியசாமி என்பது அவருடைய முழுப்பெயர். துறைமுகத்தில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோருக்கும் அவர் சாமிதான். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். கொழும்புக்கு ஒரு துணிக்கடையில் வேலை செய்ய வந்தார். அந்த வேலை பிடிக்காமல் துறைமுகத்துக்குப் போனார். கப்பலின் அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டும் வேலையில் சேர்ந்தார். பிறகு கடலடியில் இறங்கி வேலை செய்யும் சுழியோடி ஆனார். கம்பனி அவரை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிப்பித்தது. திரும்பி வந்தவர் அங்கே கிடைத்த சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி, அதன் கீழே நின்று படமும் எடுத்துக்கொண்டார். அடக்கமான மனிதர் என்று யாராவது அவரைச் சொன்னால் நம்பாதீர்கள். தன் வேலையைத் தானே புகழ்வார். மற்றவர் புகழ்ந்தால் அதில் உள்ள பிழையைத் திருத்துவார்.

அந்த மீசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகக் கவசத்துக்குள் தண்ணீர் புக மீசைதான் காரணம், வழித்துவிடுங்கள் என்று நாங்கள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். வசலின் பூசிக்கொண்டு இறங்குவாரே தவிர வழிக்க மாட்டார். "கடல் உள்ள வந்தா நான் பாத்துக்கிறேன். மீசையில்லாம வீட்டுக்குள்ள போனா யாரு பாத்துக்கிறது?" என்பார். அவருடைய மனைவி இதை மறுத்திருக்கிறார்.

நான் அந்தக் கம்பனியில் சிலிண்டர்களுக்கு வாயு நிரப்புவதற்கும் கருவிகளைப் பரிசோதிப்பதற்கும் பொறுப்பாக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியிருந்த எனக்கும் மலைநாட்டிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் குடியிருந்த அவருக்கும் பேச்சு மொழியிலேயே சண்டை. நான் 'ஓம்' என்றால் அவர், "என்ன மிஸ், காலையிலேயே மந்திரமா?" என்று கேட்பார். அவர் 'ஆமாங்க' என்றால் நான் எங்கே ஆமை என்று தேடுவேன். இந்தப் பகிடி அலுத்ததே இல்லை.

போர் மீண்டும் மூண்டிருந்த காலம் அது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடு வீடாகத் தமிழர்களைப் பொலிஸ் பதிந்தது. அப்படிப்பட்ட நாளில் எங்கள் கம்பனிக்கு இரண்டு மறுசுவாசக் கருவிகள் வந்து சேர்ந்தன. ஒரு வெளிநாட்டுக் குழு கடலடி வேலை ஒன்றுக்காகக் கொண்டுவந்து, நிலைமை மோசமானதும் ஆழத்தில் மயக்கம் தராத, ஹீலியம் கலந்த வாயுச் சிலிண்டர்கள் சிலவற்றோடு எங்களிடமே விட்டுப் போனது. சாதாரணச் சுழியோடி மூச்சு விட்டால் நீர்க்குமிழி மேலே வரும். இந்தக் கருவியில் வராது. விட்ட மூச்சே சுண்ணாம்பு மணிகள் வழியாகச் சுத்தமாகித் திரும்ப வரும். குமிழியே விடாத சுழியோடி, அதுவும் தமிழன், அதுவும் கொழும்புத் துறைமுகத்தில். கடற்படைக்காரர்கள் அந்தக் கருவியைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. இறங்குகிறவரின் இடுப்பில் கயிறு கட்டி, மேலே செம்மஞ்சள் மிதவை ஒன்று எப்போதும் தெரிய வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அனுமதி தந்தார்கள். "நாய்க்குச் சங்கிலி, எனக்கு பலூன்" என்று சாமி அண்ணன் சொன்னார். ஆனால் அந்தக் கயிற்றை ஒரு நாளும் அவிழ்த்ததில்லை.

அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. உடம்பு செலவழிக்கும் ஒட்சிசனை அதில் திரும்ப நிரப்ப வேண்டும். தானாக நிரப்பும் கருவிகளும் உண்டு, எங்களுடையது அப்படியல்ல. ஒட்சிசன் குழாயில் மயிரிழை போன்ற ஒரு துளை. அதன் வழியே எப்போதும் கொஞ்சம் கசிந்துகொண்டிருக்கும். போதாததைச் சுழியோடி மணிக்கட்டுத் திரையில் ஒட்சிசன் அளவைக் காட்டும் எண்ணைப் பார்த்துப் பார்த்துப் பெருவிரலால் பொத்தானை அழுத்திச் சேர்க்க வேண்டும். எண் மிகவும் குறைந்தால் நினைவு தப்பும். மிகவும் கூடினால் வலிப்பு வரும். இரண்டுக்கும் முன்னறிவிப்புக் கிடையாது.

ஒட்சிசன் குழாயில் உள்ள அழுத்தம் மாறாதது. நாங்கள் மேலே ரெகுலேட்டரின் ஸ்பிரிங்கைத் திருகி வைத்த அளவிலேயே நிற்கும். கடலின் அழுத்தமோ இறங்க இறங்கக் கூடும். ஒரு கதவை உள்ளேயிருந்து ஒருவரும் வெளியேயிருந்து ஒருவரும் தள்ளுவது போலத்தான். இருவருக்கும் ஒரே பலம் என்றால் கதவு திறக்காது. எங்கள் கருவியில் அந்த இடம் எண்பது மீற்றர். அதற்குக் கீழே துளையும் கசியாது; பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் வராது. எண்பதை நெருங்கும்போதே கசிவு மெலிந்துவிடும் என்பதால் எழுபதுக்குக் கீழே போவதில்லை என்று சாமி அண்ணன் ஒரு கோடு போட்டிருந்தார். "மலையில பொறந்தவன் மிஸ் நான். எறங்குறதுக்கு முன்னாடி ஏறுறதத்தான் யோசிப்பேன்" என்பார்.

ஒரு மழைக்கால மாலையில், கப்பல்களுக்குச் சாமான் கொண்டுபோகும் படகொன்று வெளிக்கடலில் கவிழ்ந்தது. மூன்று பேரில் இருவரை இன்னொரு படகு காப்பாற்றியது. இயந்திரம் பார்த்த யேசுதாசனைக் காணவில்லை. படகோட்டிக்கு இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் குதித்தார்கள் என்றுதான் நினைத்தேன் என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டார். காணாமல் போனவன் கொச்சிக்கடைத் தமிழ் இளைஞன். கடலில் குதித்தவனை இயக்கத்தின் படகு ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம் என்றது பொலிஸ். எங்கே போனான், யாரோடு போனான் என்று கேட்டு அவனுடைய தம்பியைப் பிடித்துப்போனார்கள். அந்தத் தம்பிதான் சகாயம். அண்ணன் செத்துவிட்டான் என்று நிரூபித்தால் தம்பி வெளியே வருவான். நிரூபிக்க உடல் வேண்டும்.

அவர்களுடைய தாய் பிலோமினா அம்மா அந்தோனியார் கோயிலடியில் மெழுகுதிரி விற்பவர். அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அழவில்லை. கதிரையில் உட்காரச் சொன்னதும் மறுத்துவிட்டார். சாமி அண்ணனைப் பார்த்து, "ஒருத்தன கடல் வச்சிருக்குது. மத்தவன பொலிஸ் வச்சிருக்குது. பொலிஸ நான் கேக்கிறன் தம்பி, கடல நீங்க கேளுங்க" என்றார்.

சாமி அண்ணன் எழுந்து நின்று, "கேக்குறேம்மா" என்றார். அவ்வளவுதான். அந்த அம்மா போன பிறகு என் பக்கம் திரும்பி, எந்தச் சிலிண்டரில் எவ்வளவு ஹீலியம் இருக்கிறது என்று கேட்டார்.

எண்ணெய் மிதந்த இடத்தை வைத்துப் படகைக் கண்டுபிடித்தோம். ஆழம் பார்க்கும் ஒலிமானி காட்டியது நல்ல செய்தியல்ல. கடலடி திடீரென்று சரிந்து இறங்கும் விளிம்பில் படகு குத்துவாட்டில் கிடந்தது. அதன் மூக்கு எழுபத்தைந்து மீற்றரை ஒட்டி இருந்தது. இயந்திர அறை பின்பக்கம், எண்பதைத் தாண்டி. யேசுதாசன் அங்கேதான் இருப்பான் என்பது எங்கள் எல்லோருடைய நினைப்பும்.

எங்கள் முகாமையாளர் கப்பலில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். ஸ்பிரிங்கை இன்னும் கொஞ்சம் திருகி இறுக்கினால் குழாயின் அழுத்தம் கூடும், எல்லையும் கீழே போகும், ஒரே ஒரு தடவைதானே என்றார். அவர் சொன்னது பிழையல்ல. அப்படிச் செய்பவர்கள் உண்டு. ஆனால் துளையின் அளவு, கசிவின் அளவு, மேலே வரும்போது உடம்பில் கரைந்த வாயு வெளியேறுவதற்காக மணிக்கணக்காக நின்று நின்று ஏறும் இடங்களில் சேரும் ஒட்சிசன் எல்லாவற்றையும் அதற்கேற்பத் திரும்பவும் பழகி எடுக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கு வேண்டும். எங்களிடம் வாரக்கணக்கு இல்லை. உள்ளே இருக்கும் சகாயத்திடமும் இல்லை.

"இது கடல் போட்ட எல்லை இல்லீங்க சார், நாம திருகி வச்ச எல்லை" என்றார் சாமி அண்ணன். "நாம வச்சத நாமளே அவசரத்துக்கு மாத்தினா, அப்புறம் கீழ போய் எத நம்புறது? நான் போறேன். எழுபதுல நின்னு என்ன செய்யலாம்னு பாக்குறேன்."

எழுபதில் நின்று என்ன செய்ய முடியும் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கும் அன்றைக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். முதல் தடவை மூக்குப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வருவதென்று முடிவாயிற்று. பொலிஸிலிருந்து ஒரு அதிகாரி சாட்சிக்காக எங்கள் படகில் ஏறினார். நான் மேல்தளத்தில் வைத்துக் கருவியைப் பரிசோதித்தேன். குழாயின் அழுத்தம் சரி. கசிவு சரி. எண் சரி. சாமி அண்ணன் மீசைக்கு வசலின் பூசினார்; மிதவையைக் கட்டினார்; இறங்கினார்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எத்தனை அவசரமானாலும் பாதி வழியில் நிற்பார். இறங்கு கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பொத்தானிலிருந்து பெருவிரலை எடுத்துவிடுவார். எதையும் தொடாமல் திரையை மட்டும் பார்த்துக்கொண்டு தொங்குவார். புதிதாக வந்த சுழியோடிகள் இதைப் பகிடி பண்ணுவார்கள். சாமி கீழே பூசை செய்கிறார் என்பார்கள். "நான் அமுக்கிக்கிட்டே இருந்தா மெசின் என்ன செய்யுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கைய எடுத்துட்டுப் பாக்கணும் மிஸ்" என்பது அவருடைய விளக்கம்.

அன்றும் நாற்பது மீற்றரில் நின்றார். விரலை எடுத்தார். எண் அப்படியே நிற்க வேண்டும், அல்லது மெல்லக் குறைய வேண்டும். அது ஏறியது. ஒட்சிசன் குறைந்த வேறு வாயுவைக் கருவிக்குள் விட்டுக் கழுவி எண்ணை இறக்கினார். திரும்பவும் ஏறியது. அவர் தொடவே இல்லை. ஒட்சிசன் தானாக வந்துகொண்டிருந்தது. இன்னும் கீழே போனால் இன்னும் கூடுதலாக வரும்.

மிதவையின் கயிறு தளரத் தொடங்கியதும் எங்களுக்கு விளங்கவில்லை. குறித்த நேரத்துக்கு முன்பே ஏறுகிறாரே என்று பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீரிலிருந்து தலை தெரிந்ததும் பொலிஸ் அதிகாரி சிரித்துக்கொண்டு, "பயத, சாமி?" என்று கேட்டார். சிங்களத்தில், பயமா என்று. சாமி அண்ணன் வாய்க்குழாயைக் கழற்றினார். அதிகாரியைப் பார்க்கவே இல்லை. அல்பிரட்டைப் பார்த்தார்.

"யாரு மூடியக் கழட்டினது?"

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். ஒட்சிசன் கசிவை நடத்தும் ரெகுலேட்டரில் கடல்நீர் புகும் வாயில் ஒன்று உண்டு. சாதாரணச் சுழியோடியின் ரெகுலேட்டரில் அது திறந்திருக்கும்; கடலின் அழுத்தம் அதன் வழியே உள்ளே அமுக்கும்; ஆழம் கூடக் கூட ரெகுலேட்டரும் கூடுதலாகக் கொடுக்கும். மறுசுவாசக் கருவியில் அதே வாயிலை ஒரு மூடி போட்டு அடைத்திருப்பார்கள். குழாயின் அழுத்தம் மாறாமல் நிற்பது அந்த மூடியால்தான். எண்பது மீற்றர் எல்லை வருவதும் அந்த மூடியால்தான். எழுபது மீற்றர் வரை வலிப்பு வராமல் காப்பதும் அதே மூடிதான். மேல்தளத்தில் வைத்துப் பார்த்தால் மூடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அழுத்தமானி ஒரே அளவைக் காட்டும்.

அல்பிரட் வாழ்நாள் முழுக்கச் சாதாரண ரெகுலேட்டர்களைத் திருத்தியவர். அந்த வாயில் அடைபட்டிருந்தால் அதைத் திறந்து சுத்தம் செய்வதுதான் அவருடைய தொழில். அதோடு அவர் செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியார் கோயிலுக்குப் போகிறவர். மெழுகுதிரி வாங்குவது பிலோமினா அம்மாவிடம். எல்லைதான் இடைஞ்சல் என்று நாங்கள் கதைத்ததைக் கேட்டிருக்கிறார். மூடியைப் பார்த்திருக்கிறார். இதைக் கழற்றினால் எந்த ஆழத்திலும் ஒட்சிசன் வருமே என்று மகிழ்ந்து, யாருக்கும் சொல்லாமல் கழற்றியிருக்கிறார். வந்ததும் உண்மைதான். வரக்கூடாத அளவில் வந்தது.

"நான் உதவி எண்டுதான் செய்தன் அண்ணன்" என்றார் அல்பிரட். சாமி அண்ணன் காலிலிருந்து துடுப்பைக் கழற்றிப் படகின் மறு மூலைக்கு வீசினார். வாயில் வந்த இரண்டு வார்த்தைகளை நான் இங்கே எழுதப்போவதில்லை. பிறகு கையை நீட்டி மூடி எங்கே என்று கேட்டார். அல்பிரட் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார். எறிந்துவிடாமல், கைக்குட்டையில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார்.

கரைக்கு வந்ததும் வேறு யாராக இருந்தாலும் அந்த மூடியைத் தானே போட்டிருப்பார், அல்லது என்னிடம் தந்திருப்பார். சாமி அண்ணன் அதை அல்பிரட்டிடமே திருப்பிக் கொடுத்தார். எங்களிடம் இருந்த சிறிய அழுத்த அறைக்குள் ரெகுலேட்டரை வைத்து, வெளியே மானியைப் பூட்டி, அல்பிரட்டையே அதன் முன்னால் உட்கார வைத்தார். நான் அறையின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். மானியின் முள் அசையவில்லை. "அசையலன்னு நீயே சொல்லு" என்றார் சாமி அண்ணன். அல்பிரட் சொன்னார். "சரி. நீ சொன்னத நம்பித்தான் நாளன்னிக்கு எறங்கப் போறேன்." அதன் பிறகு அல்பிரட் கைபட்ட கருவியைத் தவிர வேறு எதிலும் அவர் இறங்கியதில்லை.

அன்று மாலை அவர் கொச்சிக்கடைக்கு நடந்து போனார். ஏன் வெறுங்கையோடு ஏறி வந்தேன் என்பதைப் பிலோமினா அம்மாவிடம் தானே சொல்ல வேண்டும் என்றார். நான் கூடப் போகவில்லை. அங்கே என்ன கதைத்தார்கள் என்று பிறகு கேட்டபோது அவர் சொல்லவும் இல்லை.

இரண்டாவது தடவை இறங்கும்போது அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. இழுவைப் படகு ஒன்றை வரவழைத்தோம். அதிலிருந்து எஃகுக் கம்பியில் ஒரு கனமான கொக்கியைக் கீழே விட்டோம். சாமி அண்ணன் நாற்பதில் நின்று விரலை எடுத்துப் பார்த்தார், எண் அசையாமல் நின்றது, இறங்கினார். எழுபதில் நின்றுகொண்டார். படகின் மூக்கு அவருடைய காலுக்குக் கீழே விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. கயிறு கட்டும் இரும்புக் குற்றியும் தெரிந்தது. இறங்கித் தொட்டால் ஒரு நொடி வேலை. அவர் இறங்கவில்லை. கொக்கியை மேலிருந்து சிறு கயிற்றால் பிடித்து, கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டியால் துழாவுவது போலத் துழாவினார். மேலே எங்களுக்கு மிதவைக் கயிற்றால் சைகை வரும்: கொஞ்சம் இறக்கு, கொஞ்சம் ஏற்று. கொக்கி வழுக்கியது. நீரோட்டம் அதைத் தள்ளியது. திரும்பத் திரும்ப வழுக்கியது. மேலே நின்ற எங்களுக்கே, இன்னும் இரண்டு ஆள் நீளம் இறங்கித் தொட்டுவிட்டால் என்ன என்று மனம் அலைந்தது. நான் வாய்விட்டுக்கூடச் சொன்னேன். அல்பிரட் என்னை முறைத்தார்.

கடைசியில் கயிறு மூன்று தடவை உறுதியாக இழுபட்டது. கொக்கி மாட்டிவிட்டது.

சாமி அண்ணன் நின்று நின்று ஏறி முடிய வெயில் சாய்ந்துவிட்டது. அதன் பிறகுதான் இழுவைப் படகு இழுத்தது. கவிழ்ந்த படகு சரிவிலிருந்து கழன்று தொங்கியபடி வந்தது. அதை ஆழம் குறைந்த இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தோம். மறுநாள் மற்றச் சுழியோடிகள் சாதாரணச் சிலிண்டர்களோடு இறங்கி இயந்திர அறையைத் திறந்தார்கள். யேசுதாசன் அங்கே இருந்தான். கழுத்தில் தாய் போட்டுவிட்ட மரியாயின் உத்தரியக் கயிறும் இருந்தது. பொலிஸ் அதிகாரி தொப்பியைக் கழற்றினார். அந்த வாரமே சகாயம் வீட்டுக்கு வந்தான். அண்ணனின் பெட்டியைத் தூக்க அவன் தோள் இருந்தது.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கொச்சிக்கடையும் கொட்டாஞ்சேனையும் விடுமா? சாமி எண்பதைத் தாண்டிப் போய், காற்று வராத இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, யேசுதாசனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார் என்று கதை வளர்ந்தது. கலியாண வீடுகளில் சொன்னார்கள். சலூனில் சொன்னார்கள். சாமி அண்ணன் எங்கே கேட்டாலும் சண்டை பிடித்தார். ஒருமுறை தன் மகளின் திருமணத்திலேயே, மேடையில் வாழ்த்திப் பேசிய ஒருவரை நிறுத்தி, "நான் தாண்டல. தாண்டியிருந்தா இந்தக் கல்யாணத்துக்கு நான் வந்திருக்க முடியாது" என்று ஒலிவாங்கியில் சொன்னார். சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. எங்கோ ஒரு பொடியன் இந்தக் கதையை நம்பித் தாண்டப் பார்ப்பான் என்று என்னிடம் பிறகு சொன்னார்.

கடைசியாக அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். நுரையீரல் தளர்ந்திருந்தது. மூக்கில் ஒட்சிசன் குழாய். நான் போனதும் சுவரில் இருந்த மானியைக் கண்ணால் காட்டி, "மிஸ், இதுக்கு மூடி போட்டிருக்கானான்னு அல்பிரட்ட வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார். மீசை நரைத்திருந்தது, குழாய்க்கு இடைஞ்சலாகவும் இருந்தது. தாதி வழிக்கச் சொன்னாராம். இவர் மறுத்துவிட்டாராம். நாங்கள் சிரித்தோம். எனக்கு அழுகையும் வந்தது. அவர் பார்க்காதது போல இருந்தார்.

செத்த வீட்டன்று நான் சகாயத்தைத் தனியே கூப்பிட்டு அந்த வரியைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு மனம் நொந்துவிட்டது. இன்று அவர் பிள்ளைகள் பெற்ற மனிதர், கொச்சிக்கடையில் கடை வைத்திருக்கிறார். "அக்கா, எனக்காகத்தானே அவர் எல்லை தாண்டினவர்? அதையும் எழுதாட்டி நான் அவருக்கு வேற என்ன செய்யிறது?" என்று கேட்டார். நடந்ததை நான் முழுவதும் சொன்னேன். அவர் நம்பவில்லை. வெளிநாட்டுக் கதை மாதிரி இருக்குது என்றார். அம்மாவைக் கேட்டுப் பார்க்கிறேன் என்று போனார்.

பிலோமினா அம்மாவுக்கு இப்போது நடக்க முடியாது. மறுநாள் சகாயம் அவரைத் தொலைபேசியில் என்னோடு கதைக்க வைத்தார். குரல் மெலிந்திருந்தாலும் பேச்சு தெளிவாக இருந்தது. சாமி அண்ணன் வெறுங்கையோடு வந்து நின்ற அந்த மாலையைப் பற்றித்தான் சொன்னார். தன்னால் எழுபதுக்குக் கீழே போக முடியாது, அதற்குள் நின்று முயற்சி செய்கிறேன், கிடைக்காமலும் போகலாம், என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்டாராம்.

"நான் சொன்னன், தம்பி, கீழ போகாதீங்க. எனக்கு ரெண்டு பேரத் தேடவே ஏலாம இருக்குது, மூண்டாவதா உங்களயும் எங்க போய்த் தேடுறது எண்டு. அண்டைக்கு ராத்திரி அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏத்தினன் மகள். மகன் கிடைக்கோணும் எண்டு இல்ல. அந்தத் தம்பி சொன்ன இடத்தில நிக்கோணும் எண்டுதான் ஏத்தினன்."

பின்னால் சகாயம் ஏதோ கேட்டது காதில் விழுந்தது. "ஓம், அந்த எழுத்த எடு" என்று அவர் மகனுக்குச் சொன்னார்.

முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்கள் ஒழுங்கை வாசலில் பார்க்கலாம். அதே படம், அதே மீசை. கீழே 'சொன்ன இடத்தில் நின்றவர்' என்று மாற்றியிருக்கிறது.

சாமி அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது ஒன்றுதான். யாராவது என்னை அவசரப்படுத்தும்போது, நானே என்னை அவசரப்படுத்தும்போது, பாதி வழியில் நின்று கையை எடுத்துவிட்டுப் பார்க்கிறேன். இந்தக் கட்டுரையையும் அப்படித்தான் எழுதினேன். பாதியில் நிறுத்தி, பேனாவை வைத்துவிட்டு, அவரைப் பற்றி இல்லாத ஒன்றைச் சேர்த்துவிட்டேனா என்று பார்த்தேன். இல்லை அண்ணன். ஒரு மீற்றரும் கூட்டவில்லை.